ஏழு வயதும் எழுபது வயதும் ஒரே பாட்டுக் குழுவில்: எது ஒத்துவரும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் கிறிஸ்தவ சபையில், சனிக்கிழமைப் பாட்டுப் பயிற்சிக்கு யார் வருவார்கள் என்று வெள்ளிக்கிழமை இரவுவரை தெரியாது. தொழிற்சாலையில் ஷிப்டு மாறும். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு விடுப்பு கிடைக்காது. ஆகவே ஐந்து பேர் வராத நாளில் பாட்டு நடக்குமா என்று பார்த்துத்தான் குழுக்களை எடைபோடுகிறேன்.

அழகில் நான்கு குரல் பாடகர் குழுவை எதுவும் மிஞ்சாது. எங்கள் பாட்டுப் புத்தகமான பாமாலையில் ஜெர்மன், ஆங்கில மெட்டுகள் நிறைய. மேலிருந்து கீழாக சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று பிரிந்து பாடினால் எங்கள் சின்ன ஆலயமே அதிரும். ஆனால் இருக்கிற இரண்டு பேஸ் குரல்களும் ஒரே இரவு ஷிப்டில் மாட்டிக்கொண்டால் அன்றைக்குக் கதை முடிந்தது. குரல் உடைகிற பதின்மூன்று வயதுப் பையனுக்கும் அங்கே இடமில்லை.

கித்தார், கீபோர்டு, டிரம் என்று குழு அமைத்தால் இளைஞர்கள் தாமாகவே வருவார்கள். சிக்கல் சுருதியில். பதிவில் கேட்ட சுருதியிலேயே தொடங்குவார்கள். இரண்டாம் சரணத்தில் பாட்டிமார் வாயை மூடிக்கொள்வார்கள். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் சுருதி இறங்கிவிடும். கித்தார்காரர்தான் விரல் பிடியை மாற்ற வேண்டும் என்பதால் முகத்தைச் சுளிப்பார்!

அங்க்லுங் என்ற மூங்கில் கருவியையும் முயன்றோம். இந்தோனேசியாவில் 1938-இல் டாயங் சுத்திக்னா மேற்கத்திய சுரவரிசைக்கு மாற்றியமைத்த பிறகுதான் இது பள்ளிக்கூடங்களில் பரவியது. இடக்கையில் பிடித்து வலக்கையால் குலுக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு சுரம். ஏழு வயதுச் சிறுமியும் முட்டிவலிக்காரப் பாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த அந்தச் சனிக்கிழமைகள் எனக்குப் பிடித்தவை. ஆனால் 'ப' வைத்திருந்தவர் ஒரு வாரம் வரவில்லை. பாட்டு முழுக்கப் பல் விழுந்த வாய் மாதிரி ஓட்டை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு, அதுவும் கிறிஸ்துமஸுக்கு மட்டும் என்றால் சரி.

மிஞ்சுவது கீர்த்தனைக் குழு. தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் விட்டுப்போன வடிவம் இதற்கென்றே செய்தது போலிருக்கிறது. ஒருவர் சரணத்தைப் பாடுகிறார். பல்லவிக்கு எல்லாரும் சேர்ந்துகொள்கிறார்கள். பத்துப் பேர் வந்தாலும் நடக்கும், நான்கு பேர் வந்தாலும் நடக்கும். மலாய் வழித் தேசியப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் பலர் தமிழ் எழுத்தில் தடுமாறுகிறார்கள். பல்லவி திரும்பத் திரும்ப வருவதால் அவர்களுக்குக் காதிலேயே ஏறிவிடுகிறது. குரல் உடைந்த பையனிடம் தாளத்தைக் கொடுத்துவிடலாம். குறை ஒன்று உண்டு: பாட்டு எங்கே போகிறது என்று முன்னால் பாடுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்களிடம் அப்படி இருவர்தான், இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. அதனால் இப்போது ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரு சரணத்தை ஓர் இளைஞர் பாட வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

துணைக்கு ஆர்மோனியம். கமகம், அதாவது சுரத்தை வளைத்து அசைப்பது, வராது என்று அகில இந்திய வானொலி 1940-இல் இதைத் தள்ளிவைத்தது. எங்கள் பாட்டிமாருக்கு அந்தச் செய்தி வந்து சேரவேயில்லை. துருத்தியில் சைக்கிள் ட்யூப் ஒட்டிய இடத்தில் காற்று கசிகிறது. அடுத்த மாதம் ஈப்போவுக்கு எடுத்துப்போக வேண்டும்.