டயரைப் பார்க்காமலே டிராக்கில் பசை அடித்தார்கள்

வீட்டில் ஸ்லாட் கார் டிராக், அதாவது பள்ளம் வழியே மின்சாரத்தில் ஓடும் பொம்மைக் கார்களுக்கான பாதை, வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். 'டிராக்குக்கு கிரிப் (டயர் வழுக்காத பிடிப்பு) ஏற்றித் தருகிறோம்' என்று விளம்பரம் செய்யும் ஒருவரிடம் 140 பவுண்டு கொடுத்தேன். நானும் என் மகனும் மூன்று வருடம் பார்த்துப் பார்த்துச் செய்த டிராக் ஒரே இரவில் பாழாகிவிட்டது.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில். 1957இல் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற ஸ்லாட் கார் பிராண்டு பிறந்த நாடு என்பதால் பழைய செட்டுகள் இங்கே சுலபமாகக் கிடைக்கும். அப்படி ஒன்றில் தொடங்கி, பிறகு எம்டிஎஃப் பலகையில் (மரநாரை அழுத்திச் செய்தது) பள்ளம் வெட்டி நான்கு லேன் டிராக் போட்டோம். மேலே சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயின்ட், பள்ளத்தின் இரு பக்கமும் காருக்கு மின்சாரம் தர தாமிர டேப். தாமிரத்தைக் காந்தம் இழுக்காது, அதனால் காரில் காந்தம் வைத்தும் பயனில்லை. வளைவில் காரைப் பிடித்து வைப்பது டயர் மட்டும்தான். எங்கள் கார்கள் எல்லாவற்றிலும் சிலிக்கான் டயர்.

பிள்ளையின் பிறந்தநாளுக்கு வந்த நண்பர்கள் தங்கள் கார்களைக் கொண்டுவந்து ஓட்டினார்கள். அவற்றில் ரப்பர் டயர். அதன் பிறகுதான் எங்கள் கார்கள் வழுக்க ஆரம்பித்தன. ரப்பர் டயர் ஓடிய இடத்தில் மெல்லிய படிவு விட்டுப் போகும், அதன் மேல் சிலிக்கான் நிற்காது. இது அன்றைக்கே தெரிந்திருந்தால் துணியால் துடைத்து முடித்திருப்பேன். தெரியாததால் அவரைக் கூப்பிட்டேன்.

வந்தவர் டிராக்கின் நீளத்தை அளந்தார், எத்தனை லேன் என்று எண்ணினார், விலை சொன்னார். எந்த டயர் ஓட்டுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்து அலமாரியில் வரிசையாக நின்ற கார்களில் ஒன்றைக்கூட எடுத்துத் திருப்பிப் பார்க்கவில்லை. லேபிள் இல்லாத டப்பாவிலிருந்து டிராக் முழுக்க ஸ்ப்ரே அடித்தார். அரை மணி கழித்து ஓட்டினால் 6.8 விநாடி லேப் 6.2க்கு இறங்கியது. "அப்பா, ஒட்டிக்கிட்டுப் போகுது!" என்று மகன் குதித்தான். அந்தச் சந்தோஷத்திலேயே பணத்தை வங்கி வழியாக அனுப்பிவிட்டேன். அவரும் டிராக்கைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் காலையில் டிராக்கைத் தொட்டால் விரல் ஒட்டியது. அறையின் தூசி எல்லாம் அதன் மேல்தான். டயர்கள் சாம்பல் நிறமாகி, முதல் வளைவிலேயே கார் வெளியே போனது. தாமிர டேப்பிலும் பசை ஏறியதால் காருக்கு மின்சாரம் விட்டு விட்டுத்தான் வந்தது. காருக்கு அடியில் டேப்பை உரசி மின்சாரம் எடுக்கும் பிரெய்டு (பின்னிய கம்பி) கறுத்துப்போயிருந்தது.

விசாரித்த பிறகுதான் புரிந்தது. அது ஸ்பாஞ்ச் டயருக்கான பசை. அமெரிக்காவில் பெரிய வணிக டிராக்குகளில், நிஜக் காரில் 24இல் ஒரு பங்கு அளவுள்ள கார்களுக்கு இதை அடிப்பார்கள். அங்கே ஸ்பாஞ்சும் பசையும் சேர்ந்துதான் கிரிப். பசையைத் துடைப்பதும் திரும்ப அடிப்பதும் அங்கே வழக்கமான வேலை. சிலிக்கானுக்கோ சுத்தமான, வழவழப்பான பரப்புதான் கிரிப். நடுவில் எது படிந்தாலும் கெடுதல்.

தொலைபேசியில் கேட்டால் முதலில் "எல்லா டயருக்கும் ஒத்துவரும்" என்றார். அப்புறம் என் பெயின்ட் சரியில்லை என்றார். கடைசியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் போட்டுத் துடைக்கச் சொன்னார். அவர் பேச்சை நம்பித் துடைத்தேன். பசையோடு எமல்ஷனும் இளகித் துணியில் வந்துவிட்டது. அதன் பிறகு அவர் அழைப்பை எடுப்பதே இல்லை.

இங்கே 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சேவை செய்பவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். அதைச் சுட்டி எழுத்தில் புகார் அனுப்பியிருக்கிறேன். கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால் இன்னொரு வழியும் இருந்திருக்கும்: 100 பவுண்டுக்கு மேற்பட்ட சேவை என்றால் கார்டு நிறுவனத்திடமே இழப்பீடு கேட்கலாம். வங்கிப் பரிமாற்றத்தில் அந்த வழி இல்லை.

உங்களிடம் யாராவது இப்படி வந்தால், முதலில் உங்கள் டயரை எடுத்துப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பார்க்காவிட்டால் அனுப்பிவிடுங்கள். டப்பாவின் லேபிளைக் காட்டச் சொல்லுங்கள். அதே பெயின்ட் அடித்த ஒரு துண்டுப் பலகையில் அடிக்கச் சொல்லி, ஒரு நாள் விட்டுத் தொட்டுப் பாருங்கள். இதற்குச் சம்மதிக்காதவரை டிராக் பக்கம் விடாதீர்கள்.

நாங்கள் டேப்பை உரித்து, பலகையைத் தேய்த்து, இரண்டு கோட் பெயின்ட் அடித்து, புது டேப் ஒட்டிவிட்டோம். நான்கு வார இறுதிகள் போயின. இப்போது ஓட்டுவதற்கு முன் டிராக்கை ஈரத்துணியால் துடைப்போம், டயரை மாஸ்கிங் டேப்பின் மேல் உருட்டுவோம், அவ்வளவுதான். லேப் 6.5 விநாடிக்கு வந்துவிட்டது.

பசை அடித்த அன்று மாலை எடுத்த எங்கள் டிராக்கின் படம் இன்னும் அவர் விளம்பரத்தில் இருக்கிறது. அதை நீக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டுவிட்டேன்.