லண்டனுக்கு 16 மணி நேரமாம்! டிக்கெட் எடுப்போர் கவனத்திற்கு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் விமான டிக்கெட் எடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயர் வேண்டாம். அங்கே போட்ட கணக்கு தெரிந்தால் போதும்.

லண்டனில் இருக்கும் தம்பிக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஜூலையில் அம்மாவை அனுப்ப வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, நெடுநேரம் உட்கார முடியாது. அதைச் சொல்லித்தான் விசாரித்தேன். நேரடி விமானம் ஏறக்குறைய 14 மணி நேரம். முகவரோ, "அக்கா, இங்கிருந்து லண்டன் 10,600 கிலோமீட்டர்தான், விமானம் மணிக்கு 900 பறக்கும். துபாயில் ஒரே ஓர் இறக்கம், மொத்தம் 16 மணி 40 நிமிடம். சில நூறு வெள்ளி மிச்சம்" என்று கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். இரவு 9.00க்குப் புறப்பாடு, மறுநாள் பிற்பகல் 1.40க்கு லண்டன்.

புறப்படும் நேரம் நம் கடிகாரத்தில், சேரும் நேரம் லண்டன் கடிகாரத்தில். கோடையில் லண்டன் நமக்கு 7 மணி நேரம் பின்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் 8. அதையும் கூட்டினால் பயணம் 23 மணி 40 நிமிடம்! துபாயில் காத்திருப்பு மட்டும் 8 மணி 40 நிமிடம். காலமெல்லாம் டிக்கெட் விற்றுப் பிழைப்பவருக்கு இந்தக் கூட்டல் தெரியாதாம்.

அடுத்த கூத்து விமான நிலையத்தில். பெட்டியின் கைப்பிடியில் சுற்றிய சீட்டில் டி.எக்ஸ்.பி. என்ற துபாயின் எழுத்துகள் மட்டுமே இருந்தன. கேட்டால், எங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனி டிக்கெட்டுகள், இரண்டு விமான நிறுவனங்கள், இரண்டு முன்பதிவு எண்கள். அம்மா துபாயில் குடிநுழைவைத் தாண்டி, பெட்டியை எடுத்து, மறுபடி முகப்பில் கொடுக்க வேண்டும். சக்கர நாற்காலியும் துபாய் வரைதான் பதிவாகியிருந்தது. முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பே இல்லை. தம்பி லண்டனிலிருந்து அந்த நிறுவனத்தை அழைத்து நாற்காலிக்குச் சொல்லிவைத்தான். அம்மா போய்ச் சேர்ந்தபோது கால் இரண்டும் வீங்கியிருந்தன.

திரும்பிப் போய்க் கேட்டேன். "நேரம் டிக்கெட்டிலேயே அச்சாகியிருக்கிறதே அக்கா" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

ஆகவே, பணம் கட்டுமுன் "மொத்தப் பயண நேரம்" எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். முன்பதிவு எண் ஒன்றா இரண்டா, பெட்டி கடைசி ஊர்வரை போகுமா என்று கேளுங்கள். சுற்றுலா அமைச்சின் உரிமம் உள்ள முகவரா என்றும் பாருங்கள்.

நான் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய "16 மணி நேரம்" என்ற செய்தியையும் அச்செடுத்து இணைத்துவிட்டேன்.