குஞ்சுக்குக் கதகதப்பு: அடைக்கோழியா, குண்டு பல்பா, கரிச்சட்டியா?

கொல்லையில் பத்திருபது கோழி வளர்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது ரகத்தைப் பற்றித்தான். அசீலா, நந்தனமா, வனராஜாவா என்று பேச்சு நீளும். ஒருநாள் குஞ்சாக வாங்கி வருபவருக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: முதல் மூன்று நான்கு வாரம் அந்தக் குஞ்சுக்குச் சூடு எங்கிருந்து வரப்போகிறது?

முட்டையிலிருந்து புதிதாக வெளிவந்த குஞ்சின் மேல் இருப்பது பஞ்சு போன்ற தூவிதான். இறகு முளைக்கும்வரை உடல் சூட்டைத் தானாகக் காத்துக்கொள்ள அதனால் முடியாது. முதல் வாரம் அதன் முதுகு மட்டத்தில் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். அடுத்தடுத்த வாரங்களில் ஐந்தைந்து டிகிரி ஃபாரன்ஹீட் குறைத்துக்கொண்டே வரலாம். மதுரையில் சித்திரை மதியத்தில் இந்தச் சூடு காசில்லாமல் கிடைக்கும்; பல்பு போட்டால்தான் ஆபத்து. மார்கழியில் விடியற்காலை மூன்று மணிக்கு, அதுவும் கரண்ட் போன நேரத்தில், என்ன ஆகும்? எந்த முறையையும் நான் எடைபோடுவது அந்த நேரத்தை வைத்துத்தான்.

அந்தக் கணக்கில் அடைக்கோழிக்கு ஈடு எதுவும் இல்லை. கரண்ட் வேண்டாம், தெர்மாமீட்டர் வேண்டாம். குளிர்ந்தால் குஞ்சு இறக்கைக்குள் போகும், சூடேறினால் வெளியே வரும். ஒரு நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளைத் தாராளமாக அணைக்கும். இரை பொறுக்கவும், பருந்தின் நிழல் விழுந்தால் பதுங்கவும் கற்றுக்கொடுப்பதும் அதுவே. கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று பழமொழி கேட்கிறது. கால் வைக்க இடம் இருந்தால் சாகாது. குறுகிய கூடையில் கோழியையும் குஞ்சுகளையும் திணித்து வைத்தால் மிதிபட்டுச் சாவதும் உண்டு.

கடையில் வாங்கிய குஞ்சையும் அடைக்கோழியிடம் சேர்க்கலாம். கோழி இரண்டு வாரத்துக்குக் குறையாமல் அடை கிடந்திருக்க வேண்டும், குஞ்சுக்கு ஓரிரு நாள் வயதுதான் இருக்க வேண்டும். நன்றாக இருட்டிய பிறகு முட்டைகளை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாக வயிற்றுக்கு அடியில் நுழைத்துவிடுங்கள். விடிந்ததும் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். கோழி குஞ்சைக் கொத்தி விரட்டினால் உடனே பிரித்துவிட வேண்டும். ஒரு வாரம் கடந்த குஞ்சுகள் புதுத் தாயோடு ஒட்டுவது கடினம்.

இதில் சங்கடங்களும் இருக்கின்றன. குஞ்சு வளர்க்கும் கோழி இரண்டு மாதமோ அதற்கு மேலோ முட்டையிடாது. அதன் உடம்பில் செல் (பேன் போன்ற சிறு பூச்சி) இருந்தால் முதல் நாளே குஞ்சுக்குத் தொற்றும். ஆகவே சேர்ப்பதற்கு முன் இறக்கை அடியையும் ஆசனவாயைச் சுற்றியும் விலக்கிப் பார்த்துவிடுங்கள். வெள்ளைக் கழிச்சல் நோய்க்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்து விடக் குஞ்சைப் பிடிக்கும்போது தாய் பாய்ந்து கொத்தும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடை, நாம் குஞ்சு வாங்கும் நாளில் நம் வீட்டுக் கோழி அடை கிடக்க வேண்டுமே என்பதுதான்.

அதனால்தான் பெரும்பாலானவர்கள் பல்புக்கு வருகிறார்கள். பழைய குண்டு பல்பு இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. வெளிச்சத்துக்கு அது வீண். குஞ்சுக்கு அதுதான் தேவை. எல்இடி பல்பை மாட்டிவிட்டு வெளிச்சம் இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்கினால் காலையில் விறைத்த குஞ்சுகளைத்தான் பார்க்க வேண்டிவரும். குஞ்சுக்கு இரண்டு வாட் என்பது பரவலான கணக்கு. இருபது குஞ்சுக்கு நாற்பது வாட். குளிர்காலத்தில் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். ஒரே பல்பாகப் போடாமல் இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். நள்ளிரவில் ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது எரிந்துகொண்டிருக்கும்.

பல்பு முறையில் பலரும் கோட்டைவிடுவது பெட்டியின் அளவில். சின்ன அட்டைப்பெட்டியின் நடுவில் பல்பைத் தொங்கவிட்டு, மேலே சாக்கைப் போட்டு மூடிவிடுகிறார்கள். சூடு மிகுந்தால் குஞ்சு எங்கே ஓடும்? பெட்டி நீளமாக இருக்கட்டும், பல்பு ஒரு கோடியில் இருக்கட்டும், தண்ணீரும் தீவனமும் நடுப்பகுதியில், மறுகோடி குளுமையாக. இடம் இருந்தால் ஒன்றரை அடி உயரத் தகட்டையோ தடித்த அட்டையையோ வட்டமாக வளைத்து நிறுத்துவது இன்னும் நல்லது. மூலை இல்லாததால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்காது. பிறகு தெர்மாமீட்டரைக்கூடப் பார்க்க வேண்டாம், குஞ்சுகளைப் பார்த்தாலே போதும். பல்புக்கு அடியில் குவிந்து கீச்சென்று விடாமல் கத்தினால் குளிர். சுவரோரம் ஒதுங்கி, இறக்கையைத் தொங்கவிட்டு, வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கியிருந்தால் எங்கிருந்தோ வாடைக்காற்று அடிக்கிறது. பரவலாகப் படுத்தும் மேய்ந்தும் இருந்தால் நீங்கள் தூங்கப் போகலாம்.

பல்பின் உண்மையான ஆபத்து தீ. உமியும் அட்டையும் நொடியில் பற்றும். வயரிலேயே பல்பைத் தொங்கவிடாதீர்கள்; சங்கிலியிலோ கட்டுக்கம்பியிலோ தனியாகக் கட்டி, கழன்று விழுந்தாலும் உமியைத் தொடாதபடி கம்பிக்கூடை ஒன்றையும் மாட்டுங்கள். பிளாஸ்டிக் ஹோல்டர் சூட்டில் இளகும், பீங்கான் ஹோல்டர்தான் சரி. 250 வாட் சிவப்பு விளக்கு பெரிய பண்ணைக்கு ஏற்றது. இருபது குஞ்சுக்கு அது அளவுக்கு மீறிய சூடு, தீ ஆபத்தும் அந்த அளவுக்குக் கூடும். உடையாமல் இருக்க டெஃப்ளான் பூசிய பல்புகளும் விற்கின்றன. அவை சூடாகும்போது வரும் ஆவி பறவைகளின் நுரையீரலைத் தாக்கிக் கொன்றுவிடும். கோழிக்கூட்டின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தரும் பீங்கான் ஹீட்டரும், குஞ்சுகள் அடியில் நுழைந்து படுக்கும் வெப்பத் தட்டும் இப்போது ஆன்லைனில் கிடைக்கின்றன. தட்டு எனக்குப் பிடித்த ஏற்பாடு. அடைக்கோழியின் வயிற்றை ஏறக்குறைய அப்படியே செய்துவைத்ததுபோல் இருக்கும். தீ பயம் மிகக் குறைவு, இரவில் இருட்டு இருப்பதால் குஞ்சுகள் ஒழுங்காக உறங்கும். விலை பல்பைவிடப் பல மடங்கு. ஆண்டுதோறும் குஞ்சு இறக்குபவருக்குக் கட்டுப்படியாகும், ஒருமுறை வளர்த்துப் பார்ப்பவருக்குத் தேவையில்லை.

கரிச்சட்டியைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. மண்சட்டியில் கரி கனிய விட்டு, சாம்பல் மூடிக் கூட்டுக்குள் வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கரண்ட் இல்லாத இரவில் அது கைகொடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் மூடிய இடத்தில் கரி எரிந்தால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு சேரும். குஞ்சு சாகும், அதே அறையில் படுத்திருக்கும் மனிதரும் சாவார். வேண்டாம். கரண்ட் போனால் மூடி இறுகிய எவர்சில்வர் தூக்கில் வெந்நீர் நிரப்பி, பழைய வேட்டியால் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, குஞ்சுகளின் நடுவில் வையுங்கள். ஆற ஆற வெந்நீர் மாற்றினால் விடியும்வரை தாக்குப்பிடிக்கும்.

கீழே பரப்ப நெல் உமியே முதல் தேர்வு, இரண்டு அங்குல உயரத்துக்கு. நைசான மரத்தூளைக் குஞ்சுகள் தின்றுவிடும், தூசும் மூக்கில் ஏறும். தென்னை நார்க்கழிவு ஈரத்தை நன்றாக இழுக்கும், ஐப்பசி மழையில் காயவே காயாது. அந்த ஈரம் ரத்தக் கழிச்சல் நோய்க்கு வழிவிடும். முதல் இரண்டு மூன்று நாள் உமியைக் கொத்தாமலிருக்க மேலே சணல் சாக்கு விரியுங்கள். வழவழப்பான செய்தித்தாளில் கால் வழுக்கி அகண்டுவிடும்.

இனி கூண்டு. கோழியைக் கவிழ்த்து மூடும் மூங்கில் கூடையான பஞ்சாரத்தைப் பகலில் மிஞ்ச எதுவும் இல்லை: காக்கையும் பருந்தும் அண்டாது, தினம் ஓர் இடமாகப் புல்தரைக்கு நகர்த்தலாம். இரவுக்கு அது போதாது. பூனை புரட்டும், கீரி அடியில் பறிக்கும். கடையில் விற்கும் இரும்புக் கூண்டு இரவுக்குப் பரவாயில்லை. கம்பித் தரையில் குஞ்சின் கால் சிக்கும் என்பதால் சாக்கு போட்டே ஆக வேண்டும். தகரக் கூரை என்றால் மேலே தென்னங்கீற்று வேயுங்கள்.

நிரந்தரமாகக் கட்டுவதானால் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். காலை வெயிலும் மாலை வெயிலும் உள்ளே நேராக விழாது. ஒன்றரை அடிச் செங்கல் சுவர், அதற்கு மேல் வலை. பெரிய கோழிக்கு இரண்டு சதுர அடி வீதம் கணக்கிட்டால் பத்துக் கோழிக்கு ஐந்துக்கு நான்கு அடி போதும். பணத்தைக் கூரைக்கும் வண்ணத்துக்கும் செலவழிக்காமல் வலைக்கும் தரைக்கும் செலவிடுங்கள். அறுகோணக் கண் கொண்ட கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தும், கீரியை வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண் வெல்டுமெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த வலை) விலை கூடுதல்தான், ஆனால் எலியும் பாம்பும்கூட நுழையாது. தரையில் சிமெண்ட் பூசாவிட்டால் பெருச்சாளி ஒரே இரவில் வளை பறித்து உள்ளே வந்துவிடும். செங்கல் இடுக்கில் செல் குடியேறாமல் இருக்க, ஒவ்வொரு தொகுதிக் குஞ்சு இறக்குவதற்கு முன்பும் சுண்ணாம்பு அடித்துக் காயவிடுங்கள்.

நான்காவது ஐந்தாவது வாரத்தில், முதுகில் இறகு மூடியதும், குஞ்சுகளைக் கூண்டுக்கு மாற்றலாம். காலையிலேயே மாற்றுங்கள், தண்ணீரும் தீவனமும் எங்கே என்று பகலில் கண்டுகொள்ளட்டும். முதல் சில இரவுகளுக்கு ஒரு மூலையில் பல்பு எரியட்டும். அதன் அடியில் எதுவும் படுக்கவில்லை என்றால் கழற்றிவிடலாம்.