16 வருஷம் வெள்ளைக் கோலோட நடந்ததுல எது காப்பாத்துச்சு, எது கைவிட்டுச்சு

22 வயசுல எனக்கு பார்வை முழுசா போச்சு, அதுலருந்து 16 வருஷமா கோல் வச்சுக்கிட்டு தனியாத்தான் நடக்கறேன். கோல் பத்தியும் ஆப் பத்தியும் நிறைய பேர் எழுதியாச்சு. ஆனா நான் தினமும் யூஸ் பண்றதுல பாதி கடையில கிடைக்காது. தரையில இருக்கற மேடு டைல், சிக்னல் சத்தம், கார் எழுப்பற ஒலி, இதெல்லாம் யாரோ ஒருத்தர் விதியா எழுதினாத்தான் என் காலடிக்கு வரும். அதனால இது அந்த விதிகளோட ரிவ்யூன்னே வச்சுக்கங்க.

டைல்லருந்து ஆரம்பிக்கறேன். ஜப்பான்ல மியாகே செயிச்சி 1965ல உருவாக்கினது, 1967ல ஒகயாமாவுல பார்வையற்றோர் பள்ளி பக்கத்துல மொத தடவை போட்டாங்க. நீளக் கோடுன்னா போ, புள்ளின்னா நில்லு, முன்னாடி ஏதோ மாறுது. அவ்ளோதான் பாஷை. ஒழுங்கா போட்ட எடத்துல கோல் நுனி அந்தக் கோட்டுலயே வழுக்கிட்டு போகும் பாருங்க, யார் கையையும் பிடிக்காம நேரா நடக்கற அந்த நிம்மதிய சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஆனா நான் தினம் போற நடைபாதைய ஒரு தடவை கேபிளுக்காக தோண்டினாங்க. மூடும்போது டைல திரும்ப ஒட்டினவங்களுக்கு அது வெறும் மஞ்சள் டிசைன், கோட்டை குறுக்க திருப்பி வச்சு நடுவுல ரெண்டு புள்ளி டைல சொருகிட்டாங்க. மொத நாள் புள்ளி காலுக்கு தட்டுப்பட்டதும் நின்னுட்டேன், படியா, ரோடு முடிஞ்சிருச்சா, கோலால சுத்தி சுத்தி தட்டிப் பாக்கறேன், ஒண்ணும் இல்ல. பத்து நாள்ல அங்க நிக்காம போகப் பழகிட்டேன். ஆபத்தே அதுலதான் இருந்துச்சு. ரயில் பிளாட்ஃபார்ம் ஓரத்துலயும் இதே புள்ளிதான, ஒரு சாயங்காலம் ஏதோ யோசனையில அத மிதிச்சும் கால் நிக்கல, அடுத்த அடி எடுக்கறதுக்குள்ள கோல் நுனி காத்துல தொங்குச்சு. பின்னாடி இருந்த அம்மா ஒருத்தங்க சட்டைய பிடிச்சு இழுத்தாங்க. அன்னிலருந்து நான் சொல்றது ஒண்ணுதான், தப்பா போட்ட டைல் டைலே இல்லாததவிட மோசம், ஏன்னா அது காலோட பழக்கத்தையே கெடுத்துடும்.

புகார் குடுத்தேன், ரோடு எங்களுது, டைல் தோண்டினவங்க பொறுப்புன்னு ஒரு ஆபீஸ், எங்க வேலை கேபிளோட முடிஞ்சதுன்னு இன்னொரு எடம். எட்டு மாசம் ஆச்சு. கடைசியில சரி பண்ண வந்த தொழிலாளிகிட்ட நானே உக்காந்து கோடு எது, புள்ளி எதுன்னு கைய பிடிச்சு காட்டினேன். அவர் செருப்ப கழட்டிட்டு கண்ண மூடி அது மேல நடந்து பாத்தார், "இத எங்களுக்கு யாருமே சொல்லலைங்க"ன்னார். அவர் மேல எனக்கு துளி கோவமும் இல்ல. டைல எப்படி போடணும்னு ஐஎஸ்ஓ 23599ன்னு உலகத்தரமே 2012லருந்து இருக்கு. தோண்டறவங்களே பழையபடி போட்டாகணும், பார்வை இல்லாத ஒருத்தர் நடந்து பாத்து ஓகே சொல்லாம பில் பாஸ் ஆகக்கூடாதுன்னு விதியில ஒரு வரி சேத்தா போதும். பிளாட்ஃபார்முக்கு ஜப்பான்ல இன்னொரு நல்ல வழக்கம், ஓரத்துப் புள்ளிக்கு உள்பக்கமா ஒரு கோடும் சேத்துடறாங்க, தண்டவாளம் எந்தப் பக்கம்னு காலே சொல்லிடும். தடுப்புக் கதவு போட்டுட்டா இந்தப் பேச்சே வேணாம்.

அடுத்து கார். எலக்ட்ரிக் கார் வந்த புதுசுல ரோடு கடக்கவே பயந்தேன், மெதுவா வந்தா மூச்சு கூட கேக்காது. சத்தமில்லாத வண்டிக எல்லாம் ஒலி எழுப்பணும்னு 2016ல ஐநா விதி 138 வந்துச்சு, ஐரோப்பிய யூனியன்ல 2021 ஜூலையிலருந்து புது எலக்ட்ரிக், ஹைப்ரிட் கார் எல்லாமே 20 கிமீ வேகம் வரைக்கும் சத்தம் எழுப்பியாகணும், அமெரிக்காவுல 30 கிமீ வரைக்கும். அதுக்கு மேல டயர் சத்தமே போதும். டிரைவர் அத ஆஃப் பண்ற ஸ்விட்ச் வைக்க ஆரம்பத்துல விதியே அனுமதிச்சுச்சு, அதையும் அப்புறம் தடுத்துட்டாங்க, அது ரொம்ப சரி. ஆனா விதி 138 நாலு சக்கர வண்டிகளுக்குத்தான். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் இன்னும் சத்தமில்லாம நடைபாதையிலயே என்னை உரசிட்டு போகுது.

கோல் இடுப்புக்கு கீழதான் காப்பாத்தும். நெத்தியில ரெண்டு தழும்பு இருக்கு, ரெண்டுமே தாழ்வா மாட்டின போர்டு. ஆப் வழி சொல்லும், பள்ளத்த சொல்லாது.

சிக்னல்ல கம்பம் எங்க இருக்குன்னு காட்ற மெல்லிய டிக் டிக் சத்தமே பெரிய உதவி. பிரிட்டன்ல பட்டன் பாக்ஸுக்கு அடியில சின்ன கூம்பு வச்சிருக்காங்க, நடக்கறவங்களுக்கு பச்சை விழுந்தா அது சுத்தும், விரல வச்சாலே தெரிஞ்சிடும், காது கேக்காதவங்களுக்கும் சேத்து உதவும். நான் கடக்கற சிக்னல்ல சத்தம் மட்டும்தான் இருக்கு, அதையும் பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு தூக்கம் கெடுதுன்னு ராத்திரி 9 மணிக்கு நிறுத்திடறாங்க. அவங்க தூக்கமும் முக்கியம்தான், சுத்தி இருக்கற இரைச்சலுக்கு ஏத்தபடி தானா குறையற சிக்னலே இருக்கு, அதப் போடுங்க, கூடவே அந்தக் கூம்பையும் வைங்கன்னு மனு குடுத்திருக்கேன். இன்னும் பதில் வரல. 9 மணிக்கு மேல வீடு திரும்பற நாள்ல யாராவது கடக்க வர்ற வரைக்கும் அந்த ஓரத்துலயே நிக்கறேன்.