ஒரு தொட்டிக்குத்தான் இடம்: புதினாவா, கற்பூரவல்லியா?

சமையலுக்கும் ஆக வேண்டும், சளி இருமலுக்குக் கைவைத்தியமாகவும் உதவ வேண்டும், வைக்க இடமோ ஒரு தொட்டிக்குத்தான் என்றால் போட்டி பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் வந்து நிற்கும். இரண்டையும் வளர்த்துப் பார்த்து, கற்பூரவல்லியை வைத்துக்கொண்டவன் நான். ஆகவே இந்த அலசல் நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

சமையலில் புதினாவுக்கே முதலிடம். இதில் வாதமே இல்லை. பச்சையாக அரைக்கலாம், பானத்தில் மிதக்கவிடலாம், உலர்த்தியும் வைக்கலாம். கற்பூரவல்லியின் தடித்த இலை உலர்வதற்குள் பாதி கறுத்துவிடும். ஆனால் பச்சை இலையின் வீரியம் வேறு. ஆரிகனோவுக்கு மணம் தரும் கார்வக்ராலும் ஓமத்துக்கு மணம் தரும் தைமாலும் இதில் இருக்கின்றன. பயறு, இறைச்சி, எண்ணெயில் வதக்கும் எதற்கும் ஓரிரு இலைகளைப் பொடியாக நறுக்கிப் போட்டாலே போதும். கூடினால் மற்ற எல்லாச் சுவையையும் அமுக்கிவிடும்.

மருத்துவப் பயனில் இரண்டு பக்கமும் மிகைப்பேச்சு உண்டு. புதினா வகைகளில் ஒன்றான மிளகுப் புதினாவில் (பெப்பர்மின்ட்) மென்தால் என்ற குளிர்ச்சி தரும் பொருள் மிகுதி. அது குளிரை உணரும் நரம்புகளைத் தூண்டுவதால் மூக்கு திறந்துகொண்டதுபோல் தோன்றுகிறது. அடைப்பு அப்படியேதான் இருக்கும். எரிச்சல் குடல் நோய்க்கு (வயிற்றுவலியும் மலம் கழிப்பதில் கோளாறும் அடிக்கடி வரும் ஐ.பி.எஸ்.) மிளகுப் புதினா எண்ணெய் மாத்திரைகள் உதவுவதாக ஆய்வுகள் உண்டு. அது எண்ணெய்க்கான சான்று, ஒரு பிடி இலைக்கு அல்ல. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குப் புதினா தொல்லையைக் கூட்டவும் செய்யும். கற்பூரவல்லி இருமலுக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் நெடுங்காலமாகக் கையாளப்படுவது. கொதிநீரில் இலையைக் கிள்ளிப் போட்டுக் குடித்தால் எனக்கு இதமாக இருக்கிறது. அந்த இதம் இலையாலா, வெந்நீராலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இருமல் வாரக்கணக்கில் நீடித்தால் இரண்டையும் விட்டுவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்புதான். புதினாவின் இலை மெல்லியது. வெயில் ஏறினால் தண்ணீரை வேகமாக இழக்கும். கோடையில் ஒரு நாள் ஊற்ற மறந்தாலும் தண்டு தலை தொங்கிவிடும். தண்ணீர் தவறாமல் கிடைத்தாலும் சிக்கல் ஓயாது. மண்ணோடு படர்ந்து ஓடும் தண்டுகள் தொட்டியின் விளிம்பைத் தேடிப் போய்ச் சுற்றிச் சுற்றி வேர்விட, நடுப்பகுதி கட்டையாகி மொட்டையாகும். ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கவிழ்த்து, பிரித்து, புது மண்ணில் நட்டே ஆக வேண்டும். இலையின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தெரிந்தால் அது துரு நோய். பாதித்த தண்டுகளை அடியோடு வெட்டி எறிய வேண்டியதுதான்.

கற்பூரவல்லி தன் தண்ணீரை இலையிலேயே வைத்திருக்கிறது. இலையை ஒடித்தால் சட்டென்று முறியும், முறிந்த இடம் ஈரமாக மினுங்கும். சில நாள் வெளியூர் போய் வந்தாலும் அப்படியே நிற்கும். அதைக் கொல்வது அளவுக்கு மீறிய தண்ணீர்தான். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினால் போதும். நுனியைக் கணுவுக்கு மேலே கிள்ளினால் இலைக் கக்கங்களிலிருந்து இரண்டு தளிர்கள் கிளம்பும். அதாவது, சமையலுக்குப் பறிப்பதே கவாத்தும் ஆகிவிடுகிறது. கிள்ளிய தண்டைச் செருகினால் அடுத்த செடி தயார்.

பூனை, நாய் உள்ள வீட்டில் இரண்டையுமே எட்டாத உயரத்தில் வைப்பது நல்லது. இலையை நிறையத் தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். உறைபனி விழும் இடத்தில் நான் செடி வளர்த்ததில்லை. ஆனால் கற்பூரவல்லி உறைபனி தாங்காத செடி. புதினாவோ மேலே கருகினாலும் வேரிலிருந்து வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும். அத்தகைய இடத்தில், செடியைக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் எடுத்துவைக்க வசதி இல்லையென்றால், நான் சொன்னதை ஒதுக்கிவிட்டுப் புதினாவையே நடுங்கள்.