மதுரையா, திருச்சியா, கொழும்பா, சென்னையா: சபர் டிக்கெட் போடும் முன்னால்

எங்கள் குடும்பத்தில் ஃபிளைட் டிக்கெட் போடுவது என் பொறுப்பு. வீட்டுக்காரர் தமாமில், கொழுந்தனார் துபாயில், தம்பி தோஹாவில். யாருக்கு எப்போது லீவு, யாருடைய ரீ-என்ட்ரி (லீவில் வந்தவர் வேலைக்குத் திரும்பி நுழைய வேண்டிய விசா கெடு) எந்தத் தேதியில் முடிகிறது, எந்த வாரம் ரேட் ஏறும், எல்லாம் என் போனில்தான் இருக்கிறது. கீழக்கரையில் சபராளி, அதாவது சபர் போய் வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர், இருக்கிற வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான், ஆண்கள் அங்கே, கணக்கு இங்கே. தெருவில் யாருக்காவது டிக்கெட் வேண்டுமென்றால் "லாத்தா, எதில் கம்மியா இருக்கு?" என்று என்னிடம் வந்து நிற்பார்கள். நானும் பல வருஷம் கம்மியானதைத்தான் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது முதலில் பார்ப்பது வேறு. கடைசி நேரத்தில் ஃபிளைட் கேன்சல் ஆனால் அந்த ஆளை அடுத்ததில் ஏற்றிவிட அந்தக் கம்பெனிக்கு ஆளும் விமானமும் இருக்கிறதா என்பதுதான் அது.

நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் பயணிகளுக்கான ஏர்போர்ட் கிடையாது. உச்சிப்புளியில் இருப்பது கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து. ராமேஸ்வரத்தில் விமான நிலையம் கொண்டுவரப்போவதாக 2025-26 மாநில பட்ஜெட்டில் சொன்னார்கள், வந்தால் நம் கடற்கரை முழுக்க சந்தோஷப்படும். அதுவரைக்கும் நாலு வழி: மதுரை, திருச்சி, சென்னை, அப்புறம் மதுரையிலோ திருச்சியிலோ ஏறி கொழும்பு மாறிப் போவது.

திருச்சியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நான் பாடம் படித்தது அங்கேதான்.

வளைகுடாவுக்கு நேரடி ஃபிளைட் என்றால் நம் பக்கத்து ஆட்கள் முதலில் நினைப்பது திருச்சிதான். தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகக் காரில் நாலு மணி நேரத்தில் போய்விடலாம், 2024-இல் திறந்த புது டெர்மினல் விசாலமாக இருக்கிறது, ரேட்டும் பல மாதங்களில் மற்ற வழிகளைவிடக் குறைவு. அன்றைக்கு வீட்டுக்காரருக்குப் போட்டிருந்தது 17,500 ரூபாய் டிக்கெட். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். ரீ-என்ட்ரி முடிய இரண்டு நாள் பாக்கி. மாமி நம் ஊர் இனிப்பான தொதல் இரண்டு கிலோ கிண்டி, அரைக்கிலோ மாசிக் கருவாடும் வைத்து, கைப்பையைக் கொக்கித் தராசில் மூன்று தடவை தூக்கிப் பார்த்து ஏழு கிலோவுக்குக் கொண்டுவந்திருந்தார். புதுக்கோட்டை தாண்டும்போது மெசேஜ் வந்தது. "செயல்பாட்டுக் காரணங்களால்" ஃபிளைட் ரத்து, அடுத்து மூன்று நாள் கழித்துத்தான் இடம், வேண்டாமென்றால் பணம் திரும்ப வரும்.

கவுன்டரில் ஒரே ஒரு பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். எதிரே நூற்றைம்பது பேர். அதில் பாதிப் பேருக்கு வேலையில் சேருகிற தேதி, விசா தேதி என்று ஏதோ ஒன்று நெருக்குகிறது. ஒருவர் கத்துகிறார், ஒருவர் மேஜையைத் தட்டுகிறார், கைக்குழந்தையோடு ஒரு பெண் அழுகிறார். அந்தப் பிள்ளை எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, அதற்குத் தெரிந்ததே அவ்வளவுதான். ராத்திரி ஒரு மணிக்குக் கூட்டம் கலைந்த பிறகு ஒரு தூணுக்குப் பின்னால் ஷூவைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்திருந்தது. இரண்டு குதிகாலிலும் பிளாஸ்டர், ஒன்றில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். "நான் ஏர்லைன் ஸ்டாஃப் இல்லக்கா, கான்ட்ராக்ட். எனக்கும் உங்களுக்குச் சொன்ன அதே மெசேஜ்தான் வந்துச்சு" என்றது. முன்பு இந்த ஷிஃப்டில் நாலு பேர் இருப்பார்களாம், இப்போது இரண்டு பேர், அன்றைக்கு இன்னொருத்தி வரவில்லை. தொதலில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன், சாப்பிட்டது. நாங்கள் அங்கிருந்தே பஸ் பிடித்து சென்னை போய், 41,000 ரூபாய்க்கு வேறு டிக்கெட் எடுத்து, அவர் தமாமில் இறங்கும்போது ரீ-என்ட்ரிக்குச் சில மணி நேரம்தான் மிச்சம்.

இந்த ஆள் குறைப்பு நேற்று ஆரம்பித்ததில்லை. 2008 அக்டோபரில் ஜெட் ஏர்வேஸ் ஒரே மூச்சில் 1,900 பேரை அனுப்பிவிட்டு, போராட்டம் வெடித்ததும் சில நாளில் திரும்ப எடுத்துக்கொண்டது. அதே கம்பெனி 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி மொத்தமாக நின்றபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சம்பள பாக்கியோடு தெருவுக்கு வந்தன. கொரோனா சமயத்தில், 2020 ஜூலையில், இண்டிகோ பத்து சதவீதம் ஊழியர்களைக் குறைத்தது. அப்புறம் கூட்டம் திரும்பி வந்தது, விமானங்கள் நிறைந்தன, ஆனால் வேலை பார்க்கிறவர்களின் சுமை இறங்கவில்லை. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் இருநூறுக்கும் மேற்பட்ட கேபின் க்ரூ ஒரே நேரத்தில் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டார்கள். டாடா கைக்குப் போன பிறகு நடந்த இணைப்பில் சம்பள அமைப்பு மாறியதும், எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தவில்லை என்பதும் அவர்களுடைய குறை. நூற்றுக்கும் மேற்பட்ட ஃபிளைட்டுகள் ரத்தாயின. கம்பெனி 25 பேரை வேலையிலிருந்து நீக்கியது, டெல்லியில் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் பேசித் திரும்பச் சேர்த்தது. வளைகுடா கூலிக்காரர்களுக்காகவே 2005-இல் ஆரம்பித்த கம்பெனி அது. அன்றைக்கு ஏர்போர்ட்டுகளில் மாட்டிக்கொண்டவர்களும் அதே கூலிக்காரர்கள்தான்.

அதற்காகத் திருச்சி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அங்கே உள்ள ஊழியர்களின் திறமையை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். 2024 அக்டோபர் 11-ஆம் தேதி ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஃபிளைட்டில் ஹைட்ராலிக் கோளாறு வந்து, இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்து எரிபொருளைக் குறைத்து, 141 பேரோடு பத்திரமாக இறக்கினார்கள். அன்றைக்கு நம் ஊர்களில் எத்தனை வீடுகளில் டிவி முன்னால் துஆ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். திருச்சியில் குறை வேறு. ஒரு ஊருக்கு ஒரே கம்பெனி, அதுவும் வாரத்தில் சில நாள்தான் என்றால், ஒன்று விழுந்தால் பின்னால் தாங்க எதுவும் இல்லை. லீவுக்கு ஊருக்கு வருகிறவர்கள் தாராளமாகத் திருச்சிக்குப் போடலாம், ஒரு நாள் தாமதமானால் பெருநாள் பிரியாணி ஆறிப்போகும், வேலை போகாது. திரும்பிப் போகும்போது, அதுவும் தேதி நெருக்கமென்றால், நான் அங்கே போடுவதில்லை.

மதுரை நமக்குப் பக்கம். விரகனூர் ரிங் ரோட்டில் திரும்பினால் ஊருக்குள் போகாமலே ஏர்போர்ட். பரமக்குடி வரை நாலு வழிச்சாலை ஆகிவிட்டது, பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் வரை 46.7 கிலோமீட்டருக்கும் 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஆனால் பக்கம் என்பதைத் தவிர சபராளிக்குச் சொல்ல அதிகமில்லை. 2012-இலேயே கொழும்புக்கு முதல் வெளிநாட்டு ஃபிளைட் கிளம்பிய ஊர் அது. இருந்தும் வளைகுடா நாடுகளோடு போட்ட விமான ஒப்பந்தங்களில் மதுரை பெயர் சேராததால் அந்த நாட்டுக் கம்பெனிகள் வர முடியவில்லை. 2025 ஜூனில் இண்டிகோ அபுதாபிக்கு நேரடியாக விட்டது நல்ல விஷயம். மற்றபடி, கொழும்பு வழியை விட்டால், பெரும்பாலும் சென்னைக்கோ மும்பைக்கோ உள்நாட்டு ஃபிளைட்டில் போய் மாற வேண்டும்.

அந்த உள்நாட்டு ஃபிளைட்டை நம்புவதில்தான் சிக்கல். நாட்டில் உள்நாட்டு விமானத்தில் போகிற நூறு பேரில் அறுபதுக்கும் மேல் இண்டிகோ என்கிற ஒரே கம்பெனியில் போகிறார்கள். 2025 டிசம்பரில் அது சாய்ந்தபோது என்ன ஆனது என்று பார்த்தோமே. பைலட்டுக்கு வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக வேண்டும், ராத்திரியில் விமானத்தை இறக்குவது ஆறு தடவையிலிருந்து இரண்டாகக் குறைய வேண்டும் என்று விதி வந்தது. 2024 ஜனவரியிலேயே அறிவித்த விதி, கடைசிக் கட்டம் 2025 நவம்பர் 1-இல் அமலானது. நடுவில் இவ்வளவு காலம் இருந்தும் இண்டிகோவிடம் தேவையான பைலட் இல்லை. டிசம்பர் 5-ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் ரத்து. மற்ற கம்பெனிகளின் ரேட் எங்கேயோ போய், அரசே 500 கிலோமீட்டருக்குள் 7,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது, இராத்திரி விதியையும் இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை தளர்த்தியது. பைலட் தூங்கக் கேட்டதால் நாடு நின்றுவிட்டது என்று சிலர் பேசினார்கள், எனக்கு அது ஏற்கவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரி வண்டியில் டிரைவர் கண் சொருகினால் நாம் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருகிறோம், டீக்கடையில் நிறுத்தி முகம் கழுவச் சொல்கிறோம். ஆகாயத்தில் யார் பேச்சுக் கொடுப்பது?

மதுரையில் ஏறி மாறுவதாக இருந்தால் ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு ஃபிளைட்டும் ஒரே டிக்கெட்டில், ஒரே பி.என்.ஆரில் (டிக்கெட் பதிவு எண்ணில்) இருக்க வேண்டும். தனித்தனியாக எடுத்தால் இரண்டாயிரம் ரூபாய் மிச்சமாகலாம், ஆனால் முதல் ஃபிளைட் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் இரண்டாவது கம்பெனி உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

கொழும்பு வழி நம் கடற்கரைக்குப் புதிதில்லை. போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி போய், கப்பலில் தலைமன்னார் இறங்கி வியாபாரம் பார்த்த தலைமுறை நம்முடையது, 1964 புயல் வந்துதான் அந்தத் தனுஷ்கோடி போனது. இப்போது மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் கொழும்புக்குப் போகிறது, அங்கிருந்து ரியாத், துபாய், தோஹா என்று ஒரே டிக்கெட்டில் கனெக்ஷன். சாப்பாடு டிக்கெட்டோடு சேர்ந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்குப் பசிக்கும்போது கார்டைத் தேட வேண்டியதில்லை என்பது, குடும்பத்தோடு போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் கம்பெனிக்கும் கஷ்டம் இல்லாமலில்லை. 2022 நெருக்கடியில் அங்கே எரிபொருள் இல்லாமல் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இறங்கி நிரப்பிக்கொண்டு போனார்கள், கடனும் பெரிது. ஆகவே நடுவில் ஒன்றரை மணி நேரக் கனெக்ஷன் எடுக்காதீர்கள், மூன்று நாலு மணி இருக்கிற மாதிரி பாருங்கள். ஒரு கனெக்ஷன் தவறினாலும் அடுத்ததில் ஏற்றுகிற பொறுப்பு அவர்களுடையது, அதுதான் எனக்கு முக்கியம்.

சென்னை தூரம், ஐநூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனால் ராமநாதபுரத்தில் சாயந்திரமோ ராத்திரியோ ரயில் ஏறி, காலையில் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் போனால் எதிரே ஏர்போர்ட், ஆட்டோகூட வேண்டாம். எமிரேட்ஸ், கத்தார், எதிஹாத் என்று பெரிய கம்பெனிகள் அங்கே இருக்கின்றன, ஒன்று விழுந்தாலும் அன்றைக்கே வேறு வழி கிடைக்க வாய்ப்பு அதிகம். ரேட் கூடுதல், மறுக்கவில்லை. அந்தக் கம்பெனிகளில் ஸ்ட்ரைக் வராது என்று சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். அமீரகத்தில் தொழிற்சங்கமே கிடையாது, எப்படி வரும்? 2020-இல் எமிரேட்ஸ் ஆயிரக்கணக்கானவர்களை அனுப்பியபோதும் சத்தம் வெளியே வரவில்லை. நம் வீட்டு ஆண்களும் அதே ஊரில் அதே மாதிரி வாய் திறக்க முடியாமல் வேலை பார்க்கிறவர்கள்தான், அதனால் அந்த அமைதியை நான் நல்ல சேவை என்று கணக்கில் சேர்ப்பதில்லை. 2025 ஆகஸ்டில் ஏர் கனடாவில் பத்தாயிரம் கேபின் க்ரூ வேலைநிறுத்தம் செய்தார்கள். விமானம் தரையில் நிற்கும்போது, பயணிகளை ஏற்றுகிற நேரத்துக்கும் சம்பளம் வேண்டும் என்றுதான் கேட்டார்கள். வாசலில் நின்று நமக்கு வணக்கம் சொல்கிற நேரம் அவர்களுக்குச் சம்பளமில்லாத நேரம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

நஷ்டஈடு பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில் ஏமாறுகிறார்கள். விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதிப்படி முன்கூட்டியே சொல்லாமல் ரத்து செய்தால், பயண நேரத்தைப் பொறுத்து அதிகபட்சம் 5,000, 7,500, 10,000 ரூபாய் என்று உண்டு. ஆனால் கம்பெனியின் கையை மீறிய காரணங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, வெள்ளம், கலவரம் இவற்றோடு வேலைநிறுத்தமும் தொழிலாளர் தகராறும் அதில் வருகிறது. திருச்சியில் ரத்தானதற்கு நான் நஷ்டஈடு கேட்டபோது பதில் வந்ததும் அந்தப் பட்டியலைக் காட்டித்தான். ஊழியருக்கும் கம்பெனிக்கும் நடக்கும் தகராறு எப்படிக் கம்பெனியின் கையை மீறியது ஆகும் என்று எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. இந்த வரியை மாற்ற வேண்டும் என்று நம் எம்.பி.க்களிடம் கேட்க வேண்டும். எதுவானாலும் டிக்கெட் பணத்தைத் திரும்பத் தருவதையோ மாற்று ஃபிளைட்டையோ அவர்கள் மறுக்க முடியாது. மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் நிற்கிற பிள்ளையைத் திட்டுவதால் மட்டும் ஒரு ரூபாயும் வராது, ரத்து செய்வது அந்தப் பிள்ளை எடுக்கிற முடிவே இல்லை.

வருகிற மாதம் தம்பி தோஹாவுக்குத் திரும்புகிறான். திருச்சியில் 6,000 ரூபாய் குறைவாகக் காட்டியது, அவனுக்கும் அதில்தான் ஆசை. வேலையில் சேருகிற தேதிக்கு மூன்று நாள் முன்னால், மதுரையிலிருந்து கொழும்பு வழியாக, நடுவில் நாலு மணி நேரம் வைத்து, ஒரே பி.என்.ஆரில் போட்டுவிட்டேன். தொதல் இந்தத் தடவை மூன்று கிலோ.