தொழில் தொடங்க விரும்பும் எம்.பி.ஏ. மாணவருக்கு மாலைநேரப் பைத்தான் வகுப்பு: ஒரு மதிப்பீடு

புதுச்சேரி அண்ணா சாலையில், கைப்பேசிக் கடைகளுக்கு மேல்மாடியில் இயங்கும் கணினிப் பயிற்சி மையம் ஒன்றில் பைத்தான் நிரல்மொழி, மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், இணையச் செயலிகளை எழுத உதவும் ஃபிளாஸ்க் ஆகியவற்றைச் சேர்த்து நடத்தும் மூன்று மாத மாலைநேரப் பயிற்சியை அண்மையில் முடித்தேன். எம்.பி.ஏ. படிக்கும் எனக்கு ஐ.டி. வேலைக்குப் போகும் எண்ணமில்லை. சிறிய விருந்தினர் இல்லங்களுக்கான முன்பதிவு மென்பொருளைத் தொழிலாகத் தொடங்க வேண்டும் என்பதே நோக்கம். அந்த நோக்கத்தோடு வருபவருக்கு இந்தப் பயிற்சி எவ்வளவு பயன்படும் என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன். இதே பாடத்திட்டத்தைச் சற்றே மாற்றி நடத்தும் மையங்கள் ஊரில் பல இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை.

கட்டணம் 18,000 ரூபாய். அதற்குமேல் 18 சதவீத ஜிஎஸ்டி தனி. டெமோ வகுப்பில் வரியைப் பற்றிய பேச்சே எழவில்லை, ரசீது போடும்போதுதான் எழுந்தது. ஆகவே சேருவதற்கு முன்பே மொத்தத் தொகையைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. ஏ.சி. உண்டு. சில நாட்களில் இருவருக்கு ஒரு கணினி என்ற நிலையும் உண்டு என்பதால், சொந்த மடிக்கணினி இல்லாதவர் சிரமப்படுவார்.

முதல் மாதம் மாறிகள், நிபந்தனைகள், சுழற்சிகள், சார்புகள் என்று வழக்கமான வரிசையில் போகிறது. பாடம் எடுத்த மேடம் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்; விளக்கம் தெளிவு, வேகம் அளவு. கணக்குப் படித்தவரை நிமிர்ந்து உட்கார வைக்கும் இடம் ஒன்று இந்த மாதத்திலேயே வருகிறது. பைத்தானில் 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் 0.3 வராது, 0.30000000000000004 என்று வரும்; தசமப் பின்னங்களைக் கணினி இருமத்தில் சேமிப்பதால் நேர்வது இது. ‘ரவுண்ட்’ என்ற சார்பிடம் 2.5-ஐக் கொடுத்தால் 2 என்கிறது, 3.5-ஐக் கொடுத்தால் 4 என்கிறது. சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோவது அதன் வழக்கம். உடன் படித்த பொறியியல் மாணவர்கள் இதைச் சிரித்துவிட்டுக் கடந்தார்கள். டேலி கணக்கு மென்பொருளில் ஒரு ரூபாய் இடித்தாலும் அது எங்கே என்று தேடிப் பழகியவர்களால் அப்படிக் கடக்க முடியாது. “பணம்னு வந்தா பைசாவா, முழு எண்ணா வச்சுக்கோம்மா. இல்லைன்னா டெசிமல் போடு” (தசமத்தைத் தசமமாகவே சேமிக்கும் எண் வகை அது) என்று மேடம் போகிறபோக்கில் சொன்னது, பில் போடும் எந்த மென்பொருளுக்கும் முதல் விதி.

இந்தப் பயிற்சியின் உண்மையான பலம் தரவுத்தளப் பகுதி. குருசுக்குப்பத்தில் ஐந்து அறைகள் கொண்ட விருந்தினர் இல்லம் நடத்தும் என் சித்தப்பா எல்லா முன்பதிவையும் நீள நோட்டில்தான் எழுதுகிறார். ஓர் அறை 10-ஆம் தேதி முதல் 12-ஆம் தேதி வரை பதிவாகியிருக்கும்போது, 12-ஆம் தேதி வருபவருக்கு அதைத் தரலாமா என்று கேட்டால், முன்னவர் காலையில் காலி செய்துவிடுவார், தரலாம் என்று அவர் யோசிக்காமலே சொல்லிவிடுவார். அதையே நிரலுக்குச் சொல்ல வகுப்பில் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்து, ஆறேழு நிபந்தனைகளை அடுக்கினோம். மேடம் பலகையில் தேதிகளைக் கோடுகளாக வரைந்து, புதியவர் வரும் தேதி பழையவர் போகும் தேதிக்கு முந்தியதாகவும், புதியவர் போகும் தேதி பழையவர் வரும் தேதிக்குப் பிந்தியதாகவும் இருந்தால் மட்டுமே மோதல் என்று இரண்டே நிபந்தனைகளில் முடித்தார். அதோடு விடவும் இல்லை. வெள்ளிக்கிழமை இரவு பெங்களூரிலிருந்து ஒருவரும் சென்னையிலிருந்து ஒருவரும் கடைசி அறையை ஒரே நொடியில் பதிவுசெய்தால், சோதிப்பதற்கும் எழுதுவதற்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியில் இருவருக்கும் அறை கிடைத்துவிடும் என்பதையும், அந்த இரண்டு வேலைகளையும், முழுதாக முடியும் அல்லது முழுதாக ரத்தாகும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் வைத்து, அட்டவணையில் அறைக்குரிய வரிசையை மற்றவர் தொடாதபடி பூட்டினால்தான் இந்த இரட்டைப் பதிவைத் தடுக்க முடியும் என்பதையும் இரண்டு கணினிகளில் செய்து காட்டினார். கொடுத்த பணத்துக்கு இந்த வகுப்புகள் மட்டுமே ஈடு என்பேன்.

வரிப் பகுதியில்தான் சறுக்கல். மையம் தந்த மாதிரி பில் நிரலில், அறை வாடகைக்கு 12 சதவீத ஜிஎஸ்டி என்பது நிரல் வரிக்குள்ளேயே எண்ணாக எழுதப்பட்டிருந்தது. நாள் வாடகை 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு அந்த விகிதம் 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகிவிட்டது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 18 சதவீதம் தொடர்கிறது. விகிதத்தையும் அது அமலுக்கு வரும் தேதியையும் தனி அட்டவணையில் வைத்தால் அதில் ஒரு வரிசையைச் சேர்ப்பதோடு வேலை முடியும். நிரலுக்குள் புதைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எல்லா வாடிக்கையாளரின் மென்பொருளையும் திறக்க வேண்டும், பழைய பில்லை மறுபடி அச்சிட்டால் புதிய வரி வந்து நிற்கும். கடலூர்க்காரர் புதுச்சேரியில் தங்கினால் மாநிலம் தாண்டிய விற்பனைக்கான ஐஜிஎஸ்டி இல்லை, தங்குமிடம் இருக்கும் ஊரே கணக்கு என்பதால் மத்திய அரசுக்கான சிஜிஎஸ்டியும் மாநிலத்துக்கான எஸ்ஜிஎஸ்டியும்தான் என்பது போன்ற சட்டத்தை மையம் சொல்லித்தர வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அது நம் படிப்பு, நம் கையிருப்பு. (யூனியன் பிரதேசத்துக்கு ஏது எஸ்ஜிஎஸ்டி என்று கேட்பவர்கள் உண்டு, சட்டப்பேரவை இருப்பதால் புதுச்சேரிக்கு உண்டு.) ஆனால் மாறக்கூடிய எண்ணை நிரலுக்கு வெளியே வைப்பது நிரலாக்கப் பாடம், அதைச் சொல்லித்தராதது குறைதான்.

மூன்றாம் மாதம் ஏமாற்றம் தருகிறது. எல்லோரும் ஒரே நூலக மேலாண்மைத் திட்டத்தைச் செய்கிறார்கள். மிச்ச நேரம் நேர்முகத் தேர்வுக் கேள்விகளுக்குப் போகிறது. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் இல்லை, எழுதியதைச் சர்வரில் ஏற்றுவது இல்லை, பணம் வாங்கும் கேட்வேயை இணைப்பது இல்லை. கேட்டால், “இன்டர்வியூவில் அதெல்லாம் வராது” என்ற பதில்தான் அலுவலகத்திலிருந்து வருகிறது. வேலை தேடுபவருக்கு அது சரியாக இருக்கலாம். பிள்ளைச்சாவடியில் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில், புதிய தொழில்களை வளர்த்துவிடும் அடல் இன்குபேஷன் மையம் இருக்கும் ஊரில், தொழில் தொடங்க வருபவரும் இருப்பார் என்ற நினைப்பே இவர்களின் பாடத்திட்டத்தில் இல்லை.

இணையத்தில் இலவசமாகவே கற்கலாமே என்று கேட்கலாம். ஹார்வர்டின் சிஎஸ்50 என்ற கணினியியல் அறிமுகப் பாடம் இலவசம். கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்சில் தொடங்கி, சி மொழி, பைத்தான், தரவுத்தள மொழியான எஸ்கியூஎல் வழியாக ஃபிளாஸ்க் வரை போகிறது, ஆழமும் அதிகம். என்பிடெல் என்ற இணையக் கல்வித் தளத்தில் சென்னை கணிதக் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் எட்டு வாரப் பைத்தான் பாடமும் இலவசம்; சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம். தானே உட்கார்ந்து முடிக்கும் பழக்கமுள்ளவர் அங்கே போகலாம். நமது திரையைப் பார்த்து, பிழை எந்த வரியில் என்று கேட்காமல், ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்கும் ஓர் ஆள் வேண்டுமென்பவருக்கு மாடிப்படி ஏறுவது தகும்.

சேருவதாக இருந்தால், டெமோ வகுப்பை வைத்து முடிவெடுக்க வேண்டாம்; அது எப்போதும் முதல் நாள் பாடமாகவே இருக்கும். தரவுத்தள வகுப்பு ஒன்றில் பின்வரிசையில் உட்கார அனுமதி கேளுங்கள், கேட்டால் தருகிறார்கள். கட்டணத்தை இரண்டு தவணைகளாகவும் ஏற்றுக்கொள்கிறார்கள். நூலகத் திட்டத்துக்குப் பதிலாக உங்கள் சொந்தத் திட்டத்தைச் செய்ய விடுவார்களா என்பதை இரண்டாம் தவணையைக் கட்டுவதற்கு முன்பே மேடத்திடம் பேசி முடித்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் கேட்டால் முடியாது என்பார்கள்.